முகத்தில் எழுதாத துயரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘சிவப்பு மாளிகைக் கனவு’ என்ற சீன நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்து முடித்தேன். அதில் காய் சி என்ற பழைய ஓவியரின் படங்கள் சிலவற்றைச் சேர்த்திருந்தார்கள். கோடுகள் அழகுதான், ஆனால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே முட்டை வடிவ முகம். அழுகிறவள் யார், மனத்தில் வஞ்சம் வைத்திருப்பவள் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நம் வார இதழ்த் தொடர்கதைப் படங்களில் முகமே கதை சொல்லிவிடும். சீன ஓவியம் கதைக்குப் படம் வரைய ஏற்றதில்லையோ?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முகங்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. காய் சி இறந்தது 1828இல். மரக்கட்டை அச்சில் அவருடைய தொகுப்பு வெளிவந்தது 1879இல். அதிலுள்ள 50 படங்களின் முகங்களை வெட்டி இடம் மாற்றி ஒட்டினாலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் நாவலின் நாயகி லின் தாய்யூவைச் சூழ்ந்து நிற்கும் மூங்கிலை இன்னொரு பெண்ணருகே நட முடியாது. ஷுன் என்ற தொல்பழம் மன்னன் இறந்தபோது அவன் மனைவியர் இருவரும் சியாங் ஆற்றங்கரையில் அழுத கண்ணீர் பட்டு, அங்கிருந்த மூங்கில்கள் புள்ளி பூத்தன என்பது சீனர் அனைவரும் அறிந்த கதை. ஓயாமல் அழும் தாய்யூவுக்கு நாவலில் புனைபெயர் அமைவதும் அந்த ஆற்றின் பெயரால்தான். ஆகவே அங்கே அழுகிற வேலையை மூங்கில் செய்கிறது. முகம் சும்மா இருக்கலாம்.

இந்த முறை காய் சியோடு தொடங்கியதன்று. ‘மேற்கு மண்டபம்’ என்ற காதல் நாடகத்தின் 1639ஆம் ஆண்டுப் பதிப்புக்குச் சென் ஹோங்ஷோ வரைந்த படமொன்றில், நாயகி யிங்யிங் காதலனின் கடிதத்தைப் படித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் பூவும் பறவையும் தீட்டிய பெரிய மடிப்புத் திரை. அதன் ஓரத்திலிருந்து தோழி ஹோங்நியாங் எட்டிப் பார்க்கிறாள். யிங்யிங்கின் முகத்தில் வெட்கமோ மகிழ்ச்சியோ இல்லை. ஆனால் அந்தரங்கமான ஒன்றை ஒளிந்து பார்க்கிறோம் என்ற கூச்சம் நமக்கு வந்துவிடுகிறது. ஏனென்றால் தோழி செய்வதைத்தான் நாமும் செய்துகொண்டிருக்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இவற்றுக்கெல்லாம் முந்தையது. கவிஞர் சூ ஷி 1082இல் எழுதிய ‘சிவப்புப் பாறை’ பற்றிய இரண்டாவது உரைநடைக் கவிதையை, சோங் அரச மரபுக் காலத்து ஓவியரான சியாவ் ஜோங்சாங் ஐந்தரை மீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள சுருளில் மையால் வரைந்தார். அது இப்போது அமெரிக்காவின் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாடத்தின் வரிகளைத் துண்டு துண்டாகப் படத்தின் இடையிலேயே எழுதியிருப்பதால், சுருளை வலமிருந்து இடமாக விரிக்க விரிக்க, படிப்பதும் பார்ப்பதும் ஒரே செயலாகிவிடுகின்றன. இலையுதிர்ந்த இரவில் நண்பர்களோடு நடக்கும் கவிஞர், தரையில் விழுந்த தங்கள் நிழலைக் கண்ட பிறகே நிமிர்ந்து நிலவைப் பார்க்கிறார். சீன ஓவியர்கள் நிழலைத் தீட்டுவது மிக அரிது. சியாவ் அந்த ஓரிடத்தில் மனிதரின் நிழல்களைத் தீட்டியிருக்கிறார். நிலவொளியைக் காட்ட அவருக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. சுருளின் முடிவில், கனவில் வந்தவரைத் தேடிக் கதவைத் திறந்த சூ ஷி எவரையும் காணாமல் நிற்கிறார். அவருடைய முகமும் உங்களுக்கு ஏமாற்றமளிக்கக்கூடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஓவியர்கள் கதை தெரிந்தவர்களுக்காக வரைந்தார்கள். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று அறியாத வாசகருக்காக வரையும் நம் தொடர்கதை ஓவியருக்கு அந்த வசதி இல்லை. கதையை முழுதாகக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், சீனாவின் லூஷுன் அருங்காட்சியகத்திலுள்ள, ஓவியர் சுன் வென்னின் 230 வண்ணப் படங்களைத் தேடிப் பாருங்கள். அதே நாவலின் விருந்துகளும் தோட்டங்களும் ஊர்வலங்களும் அவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எனக்கு அவை சற்றுத் திகட்டும். நீங்கள் நாவலை இப்போதுதான் முடித்திருப்பதால், உங்களுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.