கேள்வி-பதில்: கைப்பட எழுதிய நோட்டும், வெளுத்துப்போன பில்லும்

கேள்வி: எங்கள் தெரு அம்மா ஒருவரிடம் தீபாவளிச் சீட்டுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் பதினோரு மாதம் கட்டினேன். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிட்டார். மாதாமாதம் அவர் தொகை எழுதிக் கையெழுத்துப் போட்ட நோட்டு மட்டும் இருக்கிறது. இதெல்லாம் செல்லாது என்கிறார்கள். (குடியாத்தம் வாசகி)

பதில்: யார் சொன்னது? நீங்கள் எழுதிவைத்த கணக்கு என்றால் அதற்கு மதிப்புக் குறைவு. பணம் வாங்கியவரே கைப்பட எழுதியது, அவர் வாயால் ஒப்புக்கொண்ட மாதிரி. கையெழுத்து தன்னுடையதில்லை என்று மறுத்தால் நிபுணரிடம் அனுப்பி ஒப்பிடச் சொல்லலாம். ஆனால் வாங்கினார், தரவில்லை என்பது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டவேண்டும். அதற்கு அக்கம்பக்கத்தாரின் நோட்டுகளும் வேண்டும். எல்லாரிடமும் ஒரே பேச்சு, கடைசி மாதம் வரை வசூல், பிறகு வீடு காலி என்று வரிசையாக வந்தால் எண்ணம் வெளிச்சமாகிவிடும். அனுமதியில்லாமல் டெபாசிட் திரட்டுவதே 2019-இல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டப்படி குற்றம், அதையும் போலீஸ் மனுவில் எழுதுங்கள். எல்லாரும் சேர்ந்தே போங்கள் அம்மா. நோட்டின் அசலை ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒத்திப் பத்திரத்தில் 2 லட்சம், கையில் கொடுத்தது 3 லட்சம். ஐந்து பேர் சாட்சி சொல்லத் தயார். போதுமா? (ஆம்பூர்)

பதில்: நீங்களே கையெழுத்திட்ட பத்திரம் 2 லட்சம் என்கிறதே! அதற்கு எதிராக ஐந்து பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் எடுபடுவது கஷ்டம்.

கேள்வி: பைக் கன்சல்டிங்கில் ‘ஆக்சிடென்ட் ஆகாத வண்டி’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லி விற்றார்கள். மெக்கானிக் பிரித்துப் பார்த்தால் சேஸிஸில் வெல்டிங். ஸ்கிரீன்ஷாட்டை பிரிண்ட் எடுத்துவிட்டேன். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டேன். (காட்பாடி)

பதில்: தலையில் அடித்துக்கொண்டேன் தம்பி. வாரம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது. செய்தி வந்த போன்தான் அசல், கையில் இருக்கும் பிரிண்ட் அதன் நிழல். அசல் கருவியைக் காட்டமுடியாதபோது, பிரிண்ட் எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுத்தது என்று உறுதிசொல்லும் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. சான்றிதழில் ஒரு பகுதி நீங்கள் தருவது, இன்னொன்று நிபுணர் தருவது. நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. இருந்தாலும் எதிர்த்தரப்பு ‘இது ஜோடித்தது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன காட்டுவீர்கள்? புதுப் போனில் பேக்அப் வழியாக அந்தச் சாட் வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் அழிக்காதீர்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள், வெல்டிங்கை யாரும் தொடவேண்டாம்.

உபதேசம் செய்கிறவன் லட்சணம் இது: இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கி, பில்லை பத்திரமாக பீரோவில் வைத்தேன். வேலூர் வெயிலுக்கு தெர்மல் பேப்பர் தாங்குமா? இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் பால் மாதிரி வெள்ளை. கடைப்பையன் பேனாவில் போட்ட ஒரு டிக் மட்டும் மிச்சம். வாரண்டி போனது போனதுதான். பில்லை வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், ஐயா!

கேள்வி: ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில் இல்லாமல், ரொக்கமாக 38,000 ரூபாய்க்கு சோபா வாங்கினேன். ஒரே மாதத்தில் கால் உடைந்தது. கேஸ் போடலாமா? (ராணிப்பேட்டை)

பதில்: போடலாம். சாட்சி யார், சோபாவா?

கேள்வி: பட்டு என்று 14,500 ரூபாய்க்கு எடுத்த சேலை. நாத்தனார் ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்து, முடி கருகும் வாடையில்லை, உருண்டு உருகுகிறது, பாலியெஸ்டர் என்கிறார். (ஆற்காடு)

பதில்: நாத்தனார் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் மூக்கு ஆதாரமாகாது. பில்லில் ‘பட்டு’ என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டால், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அந்த அறிக்கைதான் கனமானது. 5 லட்சம் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். அதுவரை சேலையை உடுத்தவேண்டாம், துவைக்கவேண்டாம். நாத்தனார் கையில் தீப்பெட்டியும் வேண்டாம்.