பட்டறைப் பதில்கள்: பிக்கப்பை விற்றுவிடலாமா?

கேள்வி: பாவூர்சத்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மார்க்கெட்டில் காய்கறியும் வாழை இலையும் எடுத்து, திருநெல்வேலியில் ஹோட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் போடுகிறேன். 2017 மாடல் பொலேரோ பிக்கப். 2,60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. போக வர ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர், மாதம் 26 நாள். சரக்கு சராசரியாக 550 கிலோ. லிட்டருக்கு 12 தான் தருகிறது. டீசல் 93 ரூபாய் விற்கிற விலையில் மாதம் பதினெட்டாயிரம் அதற்கே போகிறது. குட்டி யானை (டாடா ஏஸ்) 18 தரும் என்கிறார்கள். சிலர் கேஸில் ஓடுகிற சி.என்.ஜி. வண்டி எடுக்கச் சொல்கிறார்கள். "ஆறு கிலோமீட்டர் கூடுவதற்காகவா இவ்வளவு பெரிய வண்டியைக் கொடுப்பாய்?" என்று அப்பா சத்தம் போடுகிறார். பிக்கப்பை 3.8 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

(அதே கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில்: "நான் அவன் அப்பா. ஓணத்துக்கு ஆரியங்காவு ஏறி, புனலூர் வரைக்கும் ஒன்றரை டன் கொண்டுபோன வண்டி இது. ஒரு நாள் வழியில் நின்றது கிடையாது. பொம்மை வண்டி வாங்கி ஊர் சிரிக்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள்.")

பதில்: தம்பி, முதலில் உங்கள் அப்பாவிடம் கொஞ்சம் பேசிவிட்டு வருகிறேன்.

அண்ணாச்சி, அந்த "ஆறு கிலோமீட்டர்" என்கிற இடத்தில்தான் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். முப்பத்து நாலு வருஷம் பட்டறை வைத்திருக்கிற நானே ரொம்ப நாள் ஏமாந்தேன். மைலேஜை விட்டுவிட்டு லிட்டரை எண்ணிப் பாருங்கள். மாதம் 2,340 கிலோமீட்டர். 12 தருகிற வண்டிக்கு 195 லிட்டர் வேண்டும். 18 தருகிற வண்டிக்கு 130 போதும். மிச்சம் 65 லிட்டர், அதாவது 6,045 ரூபாய்.

இதே தூரத்தை ஒருவர் பைக்கில் ஓட்டுகிறார் என்று வையுங்கள். 40 தருகிற பைக்கைக் கொடுத்துவிட்டு 60 தருகிற பைக் வாங்குகிறார். இருபது கூடியிருக்கிறது, தெருவெல்லாம் பெருமை பேசுவார். அவருக்கு மிச்சம் பத்தொன்பதரை லிட்டர்தான். ஏற்கெனவே நிறையக் குடிக்கிற வண்டியில் கொஞ்சம் குறைத்தாலே பெரிய காசு நிற்கும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் லாரிக், சோல் என்கிற இருவர் 2008-ல் 'சயன்ஸ்' இதழில் இதையே கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். என் மகள் காட்டினாள். ஐரோப்பாவில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் சொல்வார்களாம். நம் ஊரிலும் அப்படிச் சொன்னால் ஷோரூம்காரர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். தம்பி, 550 கிலோவுக்கு, அதுவும் மேடில்லாத அந்த ரோட்டில், வரும்போது காலியாக வருகிற வண்டிக்கு 12 என்பது குறைவு. எனக்குத் தெரிந்து 14 தர வேண்டும். டேங்கை வாய்வரை நிரப்பி, நான்கு நாள் ஓட்டி, அதே பங்கில் மறுபடி வாய்வரை நிரப்பிக் கணக்குப் போட்டீர்களா, அல்லது மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்கிறீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். எந்தச் சக்கரம் உரசி நிற்கிறதோ அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, டீசல் அங்கே வெந்துகொண்டிருக்கிறது. ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டே எத்தனை வருஷம் ஓட்டினீர்கள்? டயரில் காற்று? தார்ப்பாய் பின்னால் கொடி மாதிரி பறக்கிறதா? இறுக்கிக் கட்டாத தார்ப்பாய் காற்றை வாங்கி வண்டியைப் பின்னால் இழுக்கும். மெஸ் வாசலில் கணக்கு முடிக்கிறவரை இன்ஜினை அணைக்காமல் நிற்கிற பழக்கம் உண்டா? இதையெல்லாம் சரி செய்து 14 வந்தாலே மாதம் 28 லிட்டர் மிச்சம், 2,600 ரூபாய். இதற்குக் கடனும் வேண்டாம், அப்பாவோடு சண்டையும் வேண்டாம்.

இனி பெரிய கேள்வி. உங்கள் வண்டியில் ஒன்றரை டன் ஏறும், நீங்கள் ஏற்றுவது 550 கிலோ. அப்படியானால் வருஷத்தில் எத்தனை நாள் பெரிய வண்டி உண்மையிலேயே தேவைப்படுகிறது? மனக்கணக்கில் சொல்லாதீர்கள். மனசு ஓணத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கும்.

என்னிடமும் ஒரு பிக்கப் இருந்தது. டாடா 207. 2003-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இறக்கிய இன்ஜினை லேத்துக்குக் கொண்டுபோக, மதுரையிலிருந்து பழைய சாமான் ஏற்றிவர, எல்லாவற்றுக்கும் அதுதான். விற்கச் சொன்னவர்களிடம், "டெய்லி டன் கணக்கில் ஏற்றுகிறேன்" என்று சொல்வேன். நானும் அதை நம்பினேன். 2013 முழுக்க ஒரு வேலை செய்தேன். ராத்திரி பட்டறை மூடும்போது அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் அன்று ஏற்றிய எடையை எழுதி ஆணியில் குத்தி வைப்பேன். வருஷக் கடைசியில் எடுத்துப் பிரித்தால், 700 கிலோவைத் தாண்டிய தாள் மொத்தம் பதினேழு. மற்ற நாளெல்லாம் இரண்டு கியர் பாக்ஸும் நாலு டயரும். ஒரு சாக்குப்பைப் பித்தளை புஷ்ஷுக்காக மதுரை போய்வந்த தாள்கூட இருந்தது. 2014 தை மாதம் வண்டியைக் கொடுத்துவிட்டு குட்டி யானைக்கு மாறினேன். கொடுத்த அன்றைக்கு அது தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை, அதை ஒளிக்கவில்லை.

அந்தப் பதினேழு நாளுக்கு வாடகைக்குப் பிக்கப் எடுப்பது என்று முடிவு. ஆனால் இரண்டாம் மாதமே சோம்பல் வந்துவிட்டது. இரண்டு இன்ஜின் பிளாக்கும் ஒரு கியர் பாக்ஸுமாக ஒரு டன்னைக் குட்டி யானையில் ஏற்றினேன். கடையநல்லூர் தாண்டும் முன்னாலேயே பின்பட்டை, அதாவது பின்பக்க ஸ்பிரிங் பட்டை, உடைந்தது. ராத்திரி முழுக்க ஒரு டீக்கடை பெஞ்சில். காலையில் வந்த இழுவை வண்டிக்குக் கொடுத்த காசில் இரண்டு நாளைக்குப் பிக்கப் வாடகைக்கு எடுத்திருக்கலாம். வண்டியைக் கெடுத்தது நான்தான். போலீஸ் கண்ணில் படாதது என் அதிர்ஷ்டம். இன்றைக்கு என்றால் அதிக லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்று 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் இருக்கிறது.

அதனால், தம்பி, மூன்று மாதம் எடையை எழுதுங்கள். அதில் ஓணமோ தையோ ஒரு சீசனாவது வரட்டும். அதை வைத்து, 700 கிலோவைத் தாண்டுகிற நாள் வருஷத்துக்கு இருபதுக்குள் என்று வந்தால் விற்கலாம். நாற்பது ஐம்பது என்று போனால் பிக்கப்பே இருக்கட்டும், மேலே சொன்ன ரிப்பேர் போதும்.

விற்பதாக இருந்தால் எதை வாங்குவது? சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரும் சேர்ந்து எடைதான் என்பதை யாரும் சொல்வதில்லை. மாருதி சூப்பர் கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மாடல் 740 கிலோ ஏற்றும், சி.என்.ஜி. மாடல் 625 தான். உங்கள் காய் 550. காலி கிரேட் ஒன்றே இரண்டு கிலோ இருக்கும், இருபத்தைந்து கிரேட்டுக்கு ஐம்பது. 600 ஆகிவிட்டது. நாலு கட்டு இலை கூடுதலாக வந்தால் முடிந்தது. பங்கில் வரிசை நீளம் எவ்வளவு என்று காலை ஐந்து மணிக்கு ஒருமுறை போய் நின்று பாருங்கள். உங்கள் மெஸ்காரர்கள் ஏழு மணிக்குக் காய் வேண்டும் என்பார்கள், வரிசைக்கு அது தெரியாது. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. சி.என்.ஜி.யைக் குறை சொல்லவில்லை. 400 கிலோ ஏற்றுகிறவருக்கு நானே அதை வாங்கச் சொல்வேன்.

உங்களுக்கு டீசல் குட்டி யானைதான் பொருந்தும். புதிதா பழசா என்றால், பழசு. காரணம் டியூ. புது வண்டி ரோட்டுக்கு வரும்போது ஆறு லட்சம் ஆகிறது என்று வைத்தால், பிக்கப் காசு போக 2.2 லட்சம் கடன். 12 சதவீத வட்டிக்கு மூன்று வருஷத்தில் கட்டினால் மாதம் 7,300. நீங்கள் மிச்சம் பிடிக்கிறதோ ஆறாயிரம். மூன்று வருஷம் டீசல் பங்குக்குக் கட்டிய காசை ஃபைனான்ஸில் கட்டுவீர்கள், அவ்வளவுதான். மூன்று வருஷம் ஓடிய வண்டி பிக்கப் விலைக்குள் கிடைத்தால் முதல் மாதத்திலிருந்தே ஆறாயிரமும் கையில் நிற்கும். இன்சூரன்ஸில் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் நபர் பிரீமியம், வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும் உள்ள சரக்கு வண்டிக்கு ஒரே தொகை. 2022-ல் நிர்ணயித்தது 16,049 ரூபாய். உங்கள் பிக்கப்புக்கும் அதுதான், குட்டி யானைக்கும் அதுதான்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது விடியற்காலையில் போங்கள். உரிமையாளர் சூடாக்கி வைப்பதற்கு முன்னால், குளிர்ந்த இன்ஜின் முதல் திருகலில் பிடிக்கிறதா பாருங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பெட்டிக்குக் கீழே படுத்து சேஸிஸைப் பாருங்கள். மீனோ காய்கறியோ ஏற்றிய வண்டி என்றால் தண்ணீர் சொட்டிச் சொட்டி அங்கேதான் துரு பிடிக்கும், வெல்டிங் வைத்து மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். இன்னொன்று, பின்பட்டையை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒரு பட்டை கூடுதலாக இருந்தால், அது தாங்காத லோடு சுமந்த வண்டி.

அண்ணாச்சி, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. ஆரியங்காவு ஏற்றத்தில் ஒன்றரை டன்னோடு உங்கள் வண்டி ஏறியது எனக்குப் புரியும், குட்டி யானை அந்த வேலையைச் செய்யாது. ஓணத்துக்கு வாடகைப் பிக்கப் எடுக்கட்டும், ஓட்டுவது நீங்களாக இருங்கள். வண்டியைக் கொடுக்கும் முன்னால் அந்த ஸ்டீயரிங் கவரை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது இன்னும் பட்டறை ஆணியில் தொங்குகிறது.

கேள்வி: பாளையங்கோட்டையில் இட்லி மாவு வியாபாரம் செய்கிறேன். முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, டவுன் என்று ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர், 250 கிலோ மாவு. அண்ணன் கொடுத்த பழைய பிக்கப் டவுன் ரத வீதியில் திரும்பவே மாட்டேன் என்கிறது, டீசலும் கட்டவில்லை. கரன்ட் ஆட்டோ வாங்கினால் வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டிவருமா?

பதில்: தள்ள வேண்டாம், தங்கச்சி. உங்கள் கணக்கைப் பார்த்தால் சரக்குக் கரன்ட் ஆட்டோ உங்களுக்கென்றே செய்தது. 35 கிலோமீட்டர் அதற்கு அரை நாள் வேலைகூட இல்லை. நின்று நின்று போகிற தெருக்களில்தான் டீசல் வண்டி அதிகம் குடிக்கும். கரன்ட் வண்டி நிற்கும்போது மோட்டாரும் நிற்கும். பிரேக்கைத் தொட்டால் கொஞ்சம் சார்ஜ்கூடத் திரும்ப ஏறும். ஷோரூமில் சொல்கிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள், உங்களுக்கு அதுவே தாராளம். பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டி நிறுத்துகிற இடத்தில் எர்த் ஒழுங்காக உள்ள பெரிய பிளக் பாயின்ட் வேண்டும், ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம். வியாபார வண்டியை வீட்டு இணைப்பில் சார்ஜ் போடலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாவு வேலை விடியற்காலையில் முடிந்துவிடுமே, மத்தியானம் நிம்மதியாகச் சார்ஜ் ஏறட்டும்.

கேள்வி: என் டீசல் பிக்கப்பிலேயே சி.என்.ஜி. கிட் மாட்டிக்கொண்டால் என்ன? இன்னொன்று, சின்ன சரக்கு வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்திலேயே எரிகிற இன்ஜின் அது. கேஸுக்குப் பொறி வேண்டும். பெட்ரோல் வண்டிபோல ஒரு சிலிண்டரும் கிட்டும் மாட்டி முடிகிற விஷயம் இல்லை, இன்ஜினையே மாற்றிச் செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு வண்டியே பார்க்கலாம். லைசென்ஸுக்குக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, கார் ஓட்ட எடுக்கிற சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. தேதி முடிந்த லைசென்ஸுக்கு அந்தத் தீர்ப்பு உதவாது, எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.