டாக்டர் சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை. வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார் நாத்தனார்; அவர் மகன் அங்கேதான் படிக்கிறானாம். பெண்ணோ, பாட்டிக்கு ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து ஸ்கேன் எடுக்கும் படிப்பையே கேட்கிறாள். "பித்தானை அழுத்தும் வேலைக்கா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று முடிகிறது கடிதம்.

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் தட்டிக்கொடுத்து அனுப்ப மனம் வரவில்லை. வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வருபவர் இங்கே தகுதித் தேர்வில் தேறி, பயிற்சி மருத்துவராகவும் பணியாற்றிய பிறகே தொழில் செய்யலாம். அதுவரை வட்டி காத்திருக்காது. ஒரு மாதத் தவணையையாவது கட்டுவீர்களா என்று நாத்தனாரிடம் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். மூன்றாம் முறை நீட், பொறியியல் எல்லாம் தெருவுக்குத் தெரு சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் விடுகிறேன்.

உங்கள் மகள் கேட்பது பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் அரசுக் கலந்தாய்வு வழியாகவே சேரலாம். சென்னை மருத்துவக் கல்லூரியின் பார்னார்டு கதிரியக்க நிலையம் 1934-லேயே திறக்கப்பட்டது. இந்தத் துறை நம் ஊருக்கு நேற்று வந்ததல்ல.

பித்தானுக்கு வருகிறேன். காந்தப்புலத்தைக் கொண்டு உடலுக்குள் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் மூளை ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்றொரு சோதனை உண்டு. ஊசியில்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. மூளைக்குள் ஒரு சிறு கட்டத்தைக் குறித்தால், அங்கே என்னென்ன வேதிப்பொருள்கள் உள்ளன என்று கோட்டுப் படம் வரும். படத்தின் அடியில் எண்கள் வலமிருந்து இடமாக ஏறும்; ஒவ்வொரு வேதிப்பொருளும் தனக்குரிய எண்ணில் முகடாக எழும். 2.0 அருகே என்.ஏ.ஏ. (என்-அசிட்டைல் அஸ்பார்ட்டேட்); நரம்பணுக்களின் நலம் சொல்வது. 3.0-இல் கிரியேட்டின், அதிகம் மாறாது என்பதால் அதை அளவுகோலாகக் கொள்வார்கள். 3.2-இல் கோலின், செல் சவ்வுகள் வேகமாக உருவாகிச் சிதைந்தால் உயரும். நலமான பெரியவருக்கு இந்த மூன்று முகடுகளையும் இணைத்தால் கோடு கோலினிலிருந்து என்.ஏ.ஏ. நோக்கிச் சுமார் 45 பாகையில் ஏறும். க்ளையோமா போன்ற மூளைக் கட்டியில் கோலின் எழும்பி என்.ஏ.ஏ. சரிய, கோடு இறங்குமுகமாகிவிடும். பச்சிளம் குழந்தைக்கு இயல்பாகவே கோலின் அதிகம், என்.ஏ.ஏ. குறைவு, வயதைப் பார்க்காமல் படித்தால் நலமான பிள்ளைக்கும் நோய் கட்டிவிடுவோம்.

இன்னொன்று. 1.3 அருகே ஒரு முகடு தெரிந்தால் அது லாக்டேட்டா (ஆக்சிஜன் போதாதபோது திசுவில் சேரும் பொருள்), கொழுப்பா? இயந்திரம் அலையை அனுப்பி, திரும்பும் சமிக்ஞையைப் பிடிக்கும் வரையிலான எதிரொலி நேரத்தை 144 மில்லி விநாடிக்கு வைத்தால் லாக்டேட்டின் இரட்டை முகடு தலைகீழாகக் கவிழும், கொழுப்பு கவிழாது. இது சிறிய வித்தியாசமல்ல. காசநோய் மூளையில் உண்டாக்கும் கட்டி, ஸ்கேனில் புற்றுக்கட்டி போலவே தெரிவதுண்டு. அதில் கொழுப்பு முகடு ஓங்கி நிற்பது மருத்துவருக்கு ஒரு நல்ல துப்பு. துப்புதான், மற்றப் படங்களோடு சேர்த்துத்தான் முடிவு.

இதில் டெக்னீஷியனின் கை எங்கே? கட்டத்தை மண்டையோட்டை ஒட்டி வைத்தால் தலைத்தோலின் கொழுப்பு உள்ளே புகுந்து 1.3-ஐ மூடிவிடும். காந்தப்புலத்தைச் சீராக்காவிட்டால் முகடுகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். நீரின் பெருங்குரலை 4.7-இல் அடக்காவிட்டால் மற்றவை காதிலேயே விழாது. கெட்டுப்போன வரைபடத்தை எந்தப் பேராசிரியராலும் படிக்க முடியாது. அது கெட்டிருக்கிறது என்று நோயாளி மேசையிலிருந்து இறங்கும் முன்னே கண்டுகொள்பவர்தான் கெட்டிக்கார டெக்னாலஜிஸ்ட். இயற்பியலில் பிடிப்புள்ள பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒன்றை மறைக்க மாட்டேன். அறிக்கையில் கையெழுத்திடுபவர் கதிரியக்க மருத்துவர்தான். உங்கள் மகள் அல்ல. இதை அவளிடம் இப்போதே சொல்லுங்கள். தொடக்கச் சம்பளமும் பெரிதாக இராது. அதனால்தான் செலவில் கறாராக இருக்கிறேன்: முதலில் அரசுக் கல்லூரி இடம். கிடைக்காவிட்டால், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்புள்ள தனியார் கல்லூரி. அங்கேயும் சொந்த மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. இயந்திரம் உண்டா, மாணவர்களைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார விடுகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். நன்கொடை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதத்தில் சான்றிதழ் தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் இடங்களுக்குள் நுழையவே வேண்டாம்.

கலந்தாய்வுப் படிவத்தில் கல்லூரி வரிசையை உங்கள் மகளே நிரப்பட்டும். நாத்தனாருக்குச் சேர்க்கை முடிந்த பிறகு சொன்னால் போதும்.