இரண்டு நாள் வகுப்பை எந்தத் துப்பாக்கி தாங்கும்?

கேள்வி: ஐயா, அடுத்த மாதம் இங்கே டெக்சஸில் இரண்டு நாள் கைத்துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். 800 ரவுண்டு (தோட்டா) கொண்டுவரச் சொல்கிறார்கள். வீட்டில் ஒரு கிளாக் 19 பிஸ்டல் இருக்கிறது, என் கணவரின் 1911 என்ற மாடல் பிஸ்டலும் இருக்கிறது. 1911 சுடும்போது அடிக்கடி நடுவில் மாட்டி நின்றுவிடும் என்கிறார்கள், உண்மையா? எதை எடுத்துப் போகட்டும்?
– வாசகி, ஆஸ்டின்

பதில்: கிளாக்கை இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். 1911 பையில் இருக்கட்டும்.

ஒன்பது வருடமாக வார இறுதிகளில் இதுமாதிரி வகுப்புகளில் உதவிப் பயிற்றுநராக நிற்கிறேன். மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் ஐம்பது ரவுண்டு சுட்டுவிட்டு வந்தால் எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான். வகுப்பில் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் அதன் குணம் தெரியும். அதற்குள் இருநூறு ரவுண்டுக்கு மேல் போயிருக்கும். குழல் தொட முடியாத சூட்டில் இருக்கும், எண்ணெய் வற்றிக் கரியோடு சேர்ந்து பசையாகியிருக்கும்.

1911-ன் வடிவமைப்பைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்க ராணுவம் 1911-ல் அதை ஏற்பதற்கு முன், ஜான் பிரவுனிங் நேரில் இருக்க, ஒரே பிஸ்டலில் இரண்டு நாளில் 6,000 ரவுண்டு சுட்டுப் பார்த்தார்கள். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மேலே சுட்டார்கள். ஒரு கோளாறும் பதிவாகவில்லை. ஆனால் இன்று அதைப் பல பேர் பல அளவில் செய்கிறார்கள். குறி தப்பக்கூடாது என்று இழைத்து இறுக்கிச் செய்தது கரியையும் தூசியையும் பொறுக்காது.

போன ஆகஸ்டில் ஒருவர் அழகான 1911 கொண்டுவந்தார். மதியம் மூன்று மணிக்கு ஸ்லைடு (சுடும்போதெல்லாம் பின்னால் போய் முன்னால் வரும் மேல்பகுதி) முழுக்க முன்னால் போகாமல் நகக்கண் அளவு பின்தங்கி நின்றது. அவர் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிச் சுட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை நிறுத்தச் சொல்லி, காலி செய்து, மேசையில் கழற்றிப் பார்த்தோம். ஸ்லைடு ஓடும் தடத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்புப் பொடிதான் வந்தது, எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. தடத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய், குழல் முனையில் ஒன்று, குழலின் மேல்பக்கம் ஒன்று விட்டோம். அன்று மாலை வரை மக்கர் பண்ணவே இல்லை. மறுநாள் காலையில் வேறு வினை. சுட்ட தோட்டாவின் வெறும் கூடு வெளியே விழாமல் ஸ்லைடில் சிக்கி நின்றது. வழக்கமான 1911-ல் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் தனி ஸ்பிரிங் இல்லாத ஒரே எஃகுத் துண்டு. அதன் விறைப்பு போய்விட்டால் கைதேர்ந்தவர்தான் வளைத்துச் சரிசெய்ய வேண்டும். வகுப்பில் அதற்கு ஏது நேரம்? மீதி நாளை என் கைத்துப்பாக்கியில்தான் முடித்தார்.

1982-ல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் 17-ன் தம்பிதான் உங்களுடையது. கொஞ்சம் எண்ணெய் போதும், அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். அது மாட்டினால் முதலில் உங்கள் மணிக்கட்டைப் பாருங்கள். இரண்டாம் நாள் மாலை கை சோர்ந்து பிடி தளரும். பிடி தளர்ந்தால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகாது. அப்புறம் தோட்டாக்களை அடுக்கி உள்ளே செருகும் மேகசின். நான் பார்த்த ஜாம்களில் பெரும்பாலானவை துப்பாக்கியால் வந்தவை அல்ல, கீழே விழுந்து வாய் நசுங்கிய மேகசினால் வந்தவை. நான்கைந்து கொண்டுபோங்கள், அடியில் மார்க்கரால் எண் போடுங்கள். ஒரே எண் இரண்டு முறை மாட்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள். வகுப்புக்கு வாங்கிய தோட்டாவில் ஐம்பதையாவது முன்கூட்டியே சுட்டுப் பாருங்கள்.

இன்னொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. டிரிகரை இழுத்ததும் வழக்கமான வெடிக்குப் பதில் மெல்லிய 'புஸ்' கேட்டால் உடனே விரலை எடுத்துவிட்டு, குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன்மேல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். ஜாம் என்று நினைத்து ஸ்லைடை இழுத்துவிட்டுச் சுடப்போன ஒருவரின் கையை நான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

கேள்வி: ரிவால்வர் மாட்டவே மாட்டாது என்கிறார் என் மாமனார். அவருடைய .357 ரிவால்வரை வகுப்புக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: கொண்டுபோகலாம். ஆனால் ஆறு ரவுண்டுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும், மற்றவர்கள் காத்திருப்பார்கள். மாட்டாது என்பதும் சரியில்லை. கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் நாலு சேர்ந்தால் போதும், தோட்டா இருக்கும் உருளை சுற்றாது, டிரிகர் கல்லாகிவிடும். கூடுகளைத் தட்டும்போது குழலை வானம் பார்க்கப் பிடியுங்கள், துகளும் சேர்ந்து கீழே கொட்டிவிடும். பையில் ஒரு பழைய பல் பிரஷ் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவேளையிலும் அந்தத் தகட்டின் அடியைத் தேய்த்துவிடுங்கள்.