சொந்த டொமைன் நீட்சிக்கு விண்ணப்பிக்கலாமா? கேள்வி பதில்

கேள்வி: டாட் காம் மாதிரி எங்கள் கம்பெனிக்கென்று ஒன்று வாங்க எவ்வளவு ஆகும் சார்?

பதில்: இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பிடம் விண்ணப்பித்து, அந்த நீட்சியை நடத்தும் உரிமையை ஒப்பந்தமாகப் பெற வேண்டும். விண்ணப்பங்களைச் சுற்றுச் சுற்றாகத்தான் வாங்குவார்கள். 2012 சுற்றில் விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். 2026 சுற்றில் 2,27,000. ஆனால் அதைக் கட்டியதோடு செலவு முடிந்தது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பெயர் கிடைத்த பிறகு வருடாவருடம் ஐகானுக்குக் கட்டணம் உண்டு, பெயரை இணைய முகவரி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவை ஒரு நிமிடம்கூட விழக்கூடாது, பதிவுத் தரவின் நகலை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்துக்கொண்டே இருக்க வேண்டும். டாட் வெட் நடத்தியவர்களால் முடியாமல் போய், 2017-ல் அது ஐகான் ஏற்பாடு செய்த அவசரகால நிர்வாகியின் கைக்குப் போனது. உங்களை நம்பிப் பெயர் பதிந்தவர்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு.

கேள்வி: என் ஜவுளிக்கடைக்கு டாட் காம் எங்கே வாங்கலாம்?

பதில்: அதற்குப் பெயர்களைப் பதிந்து தரும் ரிஜிஸ்ட்ரார் நிறுவனம் போதும். இங்கே பேசுவது டாட் காம் போன்ற நீட்சியையே நடத்துவது பற்றி.

கேள்வி: ஒரே பெயரை இரண்டு பேர் கேட்டால்?

பதில்: கடைசியில் ஏலம்தான். 2016-ல் டாட் ஷாப் 4.15 கோடி டாலருக்கும், டாட் வெப் 13.5 கோடிக்கும் போயின; டாட் வெப் சண்டை அதற்கப்புறமும் வருடக்கணக்கில் இழுத்தது. அந்தச் சுற்றில் போட்டியாளர்கள் தங்களுக்குள் தனி ஏலம் நடத்தி, ஜெயித்தவர் கட்டிய பணத்தைத் தோற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். 2026 சுற்றில் அதற்குத் தடை. மிகச் சரியான முடிவு.

கேள்வி: டிரேட்மார்க் வைத்திருக்கும் கம்பெனிக்கு அதன் பெயரைக் கொடுக்க அரசாங்கங்கள் ஏன் குறுக்கே வருகின்றன? அமேசான் விஷயத்தில் நடந்தது அநியாயம் இல்லையா?

பதில்: இல்லை. அமேசான் கம்பெனி 2012 சுற்றில் டாட் அமேசான் கேட்டது. ஆனால் அமேசான் ஒரு நதி, ஒரு காடு, பல நாட்டு மக்களின் வீடு. பிரேசிலும் பெருவும் எதிர்த்தன, ஐகானின் அரசுகள் குழுவும் எதிர்த்தது, 2014-ல் ஐகான் விண்ணப்பத்தை நிறுத்தியது. 2017-ல் சுயாதீன விசாரணைக் குழு கம்பெனி பக்கம் சொன்னது; 2020-ல் டாட் அமேசான் இணையத்துக்கு வந்தே விட்டது. அதே 2012 சுற்றில், தென் அமெரிக்க நிலப்பகுதி ஒன்றின் பெயரைக் கொண்ட படகோனியா என்ற துணி நிறுவனம், அர்ஜென்டினா எதிர்த்ததும் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு அந்த வழிதான் பிடிக்கிறது.

அதே நபர்: நதிக்கு டிரேட்மார்க் கிடையாதே? சட்டப்படி ஒரு நாடும் உரிமையாளர் இல்லையே?

பதில்: அதனால்தான் சொல்கிறேன். யாருக்கும் தனிச் சொத்தாக இல்லாத பெயரை, பணம் கட்ட முடிந்தவர் நிரந்தரமாக எடுத்துக்கொண்டால், நாளைக்கு அந்தக் காட்டு மக்கள் அதே பெயரில் ஒரு நீட்சி கேட்டால் இடமே இருக்காது. எல்லா நீட்சிகளும் இருக்கும் ‘வேர்’ பட்டியலில் ஒரு பெயருக்கு ஒரு இடம்தான். டிரேட்மார்க் அப்படி இல்லை, ஒரே பெயரில் சோப்பும் இருக்கலாம், சைக்கிளும் இருக்கலாம். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம், மற்றவர்களும் கேட்கட்டும்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவாகும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்தில் கேட்கலாமா அண்ணா?

பதில்: கேட்கலாம், கேட்க வேண்டும் என்பது என் ஆசை. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் எல்லாம் தமிழில் இருக்கின்றன, ஆனால் அவை நாட்டுக் குறியீடுகள், வழி வேறு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தமிழ் முகவரியில் மின்னஞ்சல் கொடுத்தால் ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் காட்டும் படிவங்கள் இன்னும் ஏராளம்.

கேள்வி: பெயரை இப்போதே ‘முன்பதிவு’ செய்து தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். முன்பதிவு என்று ஒன்று கிடையாது. 2026 சுற்றுக்கு ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை, ஐகானிடம் நேரடியாக விண்ணப்பம், அவ்வளவுதான்.