பழைய காட்டுக்குக் கார்பன் கிரெடிட் உண்டா?

கேள்வி: நியூசிலாந்தின் வைக்காட்டோவில் செம்மறியாட்டுப் பண்ணை நடத்துகிறோம். மேட்டுச் சரிவில் 12 ஹெக்டேர் பழைய காடு. அதை ஒட்டி, மேய்ச்சலை நிறுத்திய 9 ஹெக்டேரில் கானுகா, டோட்டரா என்ற நாட்டு மரங்கள் தாமாகவே வளர்கின்றன. வேலி போட்டுக் காத்தால் கார்பன் கிரெடிட் கிடைக்குமா? ஆலோசகர் ஒருவர் 21 ஹெக்டேருக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

பதில்: அந்தக் கணக்கில் முதலில் 12 ஹெக்டேரை அடித்துவிடுங்கள். 1989 டிசம்பர் 31 அன்று இயற்கைக் காடாக இருந்த நிலத்தைக் காப்பதற்கு கார்பன் கிரெடிட் வழங்கும் அந்நாட்டு அரசின் உமிழ்வு வர்த்தகத் திட்டத்தில் ஒரு யூனிட்கூட (கிரெடிட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) கிடையாது. தலைமுறைகளாக வெட்டாமல் வைத்திருந்தவருக்கு வெறுங்கை, பிறகு வளரவிட்டவருக்குக் காசு என்பது எனக்கும் நியாயமாகப் படவில்லை. ஆனால் திட்டம் பார்ப்பது புதிதாக உறிஞ்சப்படும் கரியமில வாயுவை மட்டுமே. டன்னுக்கு ஒரு யூனிட்.

மிஞ்சிய 9 ஹெக்டேரும் ‘காடு’ என்ற வரையறைக்குள் வர வேண்டும். குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பு, சராசரி 30 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் எட்டக்கூடிய மரங்கள், நிலத்தில் 30 சதவீதத்துக்கு மேல் கவியும் மர உச்சிகளின் விதானம். ஓடைக்கரையோர மரவரிசைகள் பெரும்பாலும் அகலத்தில் அடிபட்டுப்போகும். கோர்ஸ் முட்புதர் கணக்கில் சேராது. அதன் நிழலில் முளைத்து மேலே வரும் நாட்டு மரங்கள் சேரும். டோட்டரா இலையை ஆடுமாடுகள் அதிகம் விரும்புவதில்லை என்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். 1989 வாக்கில் அங்கே காடு இல்லை, புல்தான் இருந்தது என்பதற்குப் பழைய வான்வழிப் படங்களே சாட்சி. ஆலோசகரிடம் அந்தப் படங்களைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வருமானம்? 100 ஹெக்டேருக்குக் குறைவென்றால் மரங்களை அளக்க வேண்டாம், காட்டின் வயதுக்கு இத்தனை டன் என்று சொல்லும் அரசின் அட்டவணைதான். நாட்டு மரக் காட்டுக்கு 50 ஆண்டில் ஹெக்டேருக்குச் சுமார் 323 டன். 9 ஹெக்டேருக்கு 2,900 யூனிட் என்று பெருக்கி மகிழ்ந்துவிடாதீர்கள். முதல் ஐந்தாண்டில் ஹெக்டேருக்குப் பத்து டன்கூடத் தேறாது. ஏற்கெனவே வளர்ந்துவிட்ட பழைய ஆண்டுகளுக்கும் யூனிட் கேட்க முடியாது. பதிவு செய்யும்போது நடப்பிலுள்ள கணக்குக் காலத்தின் தொடக்கத்திலிருந்துதான் எண்ணுவார்கள். விலையும் ஊசலாடும்: 2022 இறுதியில் 85 நியூசிலாந்து டாலரைத் தாண்டிய யூனிட், 2023 நடுவில் 40-க்கும் கீழே போனது.

2023-இல் வந்த நிரந்தரக் காடு என்ற பிரிவில் சேர்ந்தால் 50 ஆண்டுக்கு மரங்களை மொத்தமாக வெட்டி மொட்டையடிக்க முடியாது. நிலத்தை விற்றாலும் கடமை நிலத்தோடு போகும். பிள்ளைகள் அங்கே மீண்டும் ஆடு மேய்க்க நினைக்கக்கூடும் என்றால், வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

பழைய 12 ஹெக்டேருக்கு வேறு கதவைத் தட்டலாம். இரண்டாம் எலிசபெத் ராணி தேசிய அறக்கட்டளையுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தால், அது நிலப் பத்திரத்திலேயே நிரந்தரமாக ஏறும். கிரெடிட் வராது; வேலிச் செலவில் ஒரு பங்கு கிடைக்க வாய்ப்புண்டு.