மத்திய அரசின் நிர்வாகம் எப்படி இயங்குகிறது? பிரதமர் சொன்னால் உடனே நடந்துவிடுமா?

சொன்னால் நடக்கும். ஆனால் முக்கால்வாசி வேலை அவர் காதுக்கே போகாமல் நடக்கிறது. எங்கள் ஊர் நெல் கொள்முதலை வைத்துச் சொல்கிறேன்.

குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் களத்தில் நெல் காயாது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் அப்படித்தான் ஒருமுறை குவியலோடு காத்துக் கிடந்தோம். ஒரு பிடி நெல்லை ஈரப்பதக் கருவியில் போட்டார்கள். 18.6 காட்டியது. வரம்பு 17 சதவீதம். "ஐயா, நான் என்ன பண்றது, டெல்லியிலேர்ந்து ஆர்டர் வரணும்" என்றார் எழுத்தர். அப்பா பேசாமல் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

அந்த 'டெல்லி' யார்? நெல்லை வாங்குவது மாநில அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகம். ஆனால் மத்தியத் தொகுப்புக்காக, அதாவது மத்திய அரசின் உணவு தானிய இருப்புக்காக, வாங்குவதால் தர விதி மத்திய உணவு அமைச்சகத்துடையது. தளர்வு கேட்டு மாநில அரசு கடிதம் எழுதும். அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். அப்புறம் கோப்பு கீழ்நிலை அலுவலரில் தொடங்கி, ஆளுக்கொரு குறிப்போடு இணைச் செயலர், செயலர் என்று மேலே ஏறும். 2022இல் இப்படித்தான் 19 சதவீதம் வரை அனுமதித்தார்கள்.

நெல்லுக்கான ஆதரவு விலை மட்டும் வேறு வழி. ஓர் ஆணையம் பரிந்துரைக்க, பிரதமர் தலைமையிலான பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு முடிவு செய்யும். எதை எந்த அமைச்சகம் பார்ப்பது, எது அமைச்சரவைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் 1961இல் போட்ட அலுவல் விதிகளில் இருக்கிறது.

சரி, குடியரசுத் தலைவர்? மத்திய அரசின் நிர்வாக ஆணைகள் அவர் பெயரில்தான் வெளிவரும் (அரசியலமைப்பின் 77ஆவது பிரிவு). ஆனால் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பலாம், அதுவும் 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்ததுதான். அமைச்சரவை பதில் சொல்ல வேண்டியது மக்களவைக்கு.

என்னைக் கேட்டால், நிர்வாகத்தின் பலம் கோப்பை நகர்த்தாமல் வைத்திருப்பதிலும் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது 2007 பிப்ரவரியில். அதை மத்திய அரசு அரசிதழில் வெளியிட்டது 2013 பிப்ரவரியில், அதுவும் உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு. வெளியிடுவது அமைச்சகம் செய்ய வேண்டிய ஒரு அறிவிக்கை, அவ்வளவுதான். நடுவில் ஆறு வருஷமும் ஜூன் 12 வந்தால் மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா என்று பத்திரிகையைப் பார்த்துக்கொண்டுதான் நாற்றங்காலுக்கு விதை எடுத்தோம்.